பயிர் மருந்தை அபாயமின்றிக் கொண்டு வருதலும் வேலையாட்களைப் பழக்குதலும்

பயிர் மருந்துகளைக் கலக்கும் முறை, தெளிக்கும் காலம், தெளிக்கும் அளவு ஆகியவற்றைக் குறித்துக் குடியானவர்களுக்கு அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. ஆனால் மருந்துக் கடையின் படியை விட்டு இறங்கியது முதல் வயல் வரப்பை அடையும் வரையில் அம்மருந்து யார் கையில், எந்தச் சாமான்களோடு, எவ்வித வண்டியில் வருகிறதென்பதை விசாரிப்பவர் சிலரே. விற்றவர் தம் பொறுப்பு கடையோடு முடிந்ததென்று கருதுகிறார். தெளிப்பவர் தம் பொறுப்பு வயலில்தான் தொடங்குகிறதென்று எண்ணுகிறார். இடைவழிக்குப் பொறுப்பாளி ஒருவருமில்லை. பெரும் விபத்துக்கள் சில இந்த இடைவழியிலேயே நேர்ந்திருக்கின்றன. ஆகையால் நிலச் சொந்தக்காரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இவ்விஷயத்தில் கவனிக்க வேண்டியவை இங்கே ஒழுங்காகத் தொகுத்துக் கூறப்படுகின்றன.

1. இவ்வட்டாரத்தில் இதன் முக்கியம்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் மரவள்ளி, மக்காச்சோளம், பருத்தி, மஞ்சள், நிலக்கடலை, கரும்பு முதலியன பயிராகின்றன. மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. மக்காச்சோளம் நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகிறது. 2018-ஆம் வருஷத்தில் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட படைப்புழு மக்காச்சோளத்தைத் தாக்கத் தொடங்கியது முதல், மருந்து தேடிக் கடைக்குச் செல்லும் அவசியமும் அதிகரித்தது.

இவ்வட்டாரத்தில் ஒரே வண்டி பல வேலைகளைச் செய்வது வழக்கம். காலையில் டவுனிலிருந்து உரமும் மருந்தும் ஏற்றி வரும் சரக்கு ஆட்டோ, மாலையில் தவிட்டு மூட்டையையோ ஜவ்வரிசி மூட்டையையோ ஏற்றிச் செல்லும். சந்தை நாளில் வாங்கிய அரிசி, எண்ணெய், குழந்தைகளுக்கான பண்டம் யாவும் உள்ள அதே பையில் மருந்துப் புட்டியும் இடம் பெறுவதுண்டு. பழுதில்லாத புட்டியாயின் ஒன்றும் நேராமற் போகலாம். ஆனால் மேடு பள்ளமான பாதையில் மூடி சற்றே தளர்ந்தால் போதும். சாக்கில் ஊறிய விஷம் கண்ணுக்குத் தெரியாது. சில மருந்துகளின் வாடையும் உலர்ந்த பின்னர் எளிதில் புலப்படாது.

2. 1958-ஆம் வருஷத்துப் பாடம்

இது வெறும் அச்சமன்று. 1958-ஆம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அப்போதைய சென்னை இராஜ்யத்திலும் கோதுமைப் பண்டங்களை உண்ட ஜனங்கள் திடீரென்று நோயுற்றனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உணவுப் பொருள்களும் பாரத்தியான் என்னும் கொடிய பூச்சி மருந்தும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டதும், மருந்து கசிந்து உணவில் ஊறியதுமே இதற்குக் காரணம். மாண்டவர்கள் வயலில் மருந்து தெளித்தவர்களல்லர். மருந்தைக் கண்ணாலும் காணாதவர்கள். இதனை விசாரிக்க நீதிபதி ஜே. சி. ஷா அவர்களைக் கொண்டு ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. இந்தியப் பூச்சி மருந்துச் சட்டம் 1968-ஆம் வருஷத்தில் இயற்றப்படுவதற்கு இந்நிகழ்ச்சியே முதற் காரணமாயிற்று.

இத்தகைய விபத்து நம் நாட்டில் மட்டும் நேர்ந்ததன்று. 1967-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா தேசத்தில், மாவு மூட்டைகளும் அதே பாரத்தியானும் ஒரே லாரியில் ஏற்றப்பட்டன. அம்மாவில் சுட்ட ரொட்டியை உண்டு, பல குழந்தைகள் உட்பட, அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். முன்னது கப்பல், பின்னது லாரி, பிழை ஒன்றே.

காலிப் பாத்திரமும் இதே தீங்கைச் செய்யும். 2013-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி பீகாரில் சாரண் ஜில்லாவிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் மருந்து கலந்திருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. பூச்சி மருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெயை வைத்ததால் இவ்வாறு நேர்ந்ததென்று கூறப்பட்டது.

3. சட்டம் கூறுவது

1971-ஆம் வருஷத்துப் பூச்சி மருந்து விதிகளில் வழிப் பிரயாணத்திற்கெனத் தனிப் பகுதியே உண்டு. அவற்றின் சாரம் வருமாறு:

(அ) உணவுப் பொருளோடாவது கால்நடைத் தீவனத்தோடாவது நேரே படும்படியாகப் பூச்சி மருந்தைக் கொண்டு செல்லலாகாது, சேமிக்கவும் கூடாது.

(ஆ) கட்டு உடைந்து மருந்து கலந்துவிட்ட உணவையும் தீவனத்தையும், உரிய அதிகாரிகள் பரிசோதிக்கும் வரையில், உபயோகிப்போருக்குக் கொடுக்கலாகாது.

(இ) மருந்து கசிந்தால், விஷம் பரவாமலும் மண்ணும் நீரும் கெடாமலும் உடனே தடுக்கும் பொறுப்பு, கொண்டு செல்பவரையும் கிடங்குச் சொந்தக்காரரையும் சார்ந்தது.

(ஈ) மருந்தைத் தயாரிப்போரும் விற்போரும் தெளிப்புத் தொழில் நடத்துவோரும் தம் ஆட்களுக்குத் தக்க பயிற்சி அளிக்கவேண்டும்.

இங்கே ஓர் ஒப்புமை. நாமக்கல்லிலிருந்து ஓடும் சமையல் எரிவாயு டாங்கர் லாரிகளை யாவரும் கண்டிருப்பர். அவற்றின்மேல் சரக்கின் பெயர், எண், அபாயச் சின்னம் ஆகியவை தாங்கிய பலகை இருக்கும். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, அபாயச் சரக்கு ஓட்டும் டிரைவர் மூன்று நாள் பயிற்சி பெற்றிருக்கவேண்டும். விபத்து நேர்ந்தால் செய்யவேண்டியதை எழுதிய அட்டையையும் வண்டியில் வைத்திருக்கவேண்டும். டன் கணக்கில் எரிவாயு ஓட்டுபவருக்கு மூன்று நாள் பயிற்சி உண்டு. அரை லிட்டர் விஷத்தைச் சைக்கிளில் கட்டி வரும் நம் பண்ணையாளுக்கு அரை நாள் பயிற்சியும் இல்லை. இக்குறையை நீக்குவது நிலச் சொந்தக்காரர் கையில் இருக்கிறது.

4. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

லைசென்ஸ் பெற்ற கடையிலேயே, பில் பெற்று வாங்கவேண்டும். சீல் உடைந்த புட்டியையும், நசுங்கிய டப்பாவையும், லேபில் கிழிந்த பொட்டலத்தையும் ஏற்கலாகாது. பெரிய கலனிலிருந்து சிறிய பாட்டிலில் ஊற்றித் தரச் சொல்வது மிகவும் தவறு. சாராயப் பாட்டிலிலும் குளிர்பானப் பாட்டிலிலும் ஊற்றிய மருந்தை அறியாது குடித்து உயிர் துறப்பவர் உண்டு.

லேபிலில் சாய்சதுரச் சின்னம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறத்தால் விஷத்தின் கடுமையை அறியலாம். சிவப்பு மிகக் கொடிய விஷம். மஞ்சள் கொடிய விஷம். நீலம் நடுத்தர விஷம். பச்சை குறைந்த விஷம். பரிசோதனைப் பிராணியின் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைந்த அளவு வயிற்றிற் சென்றால், அப்பிராணிகளில் பாதியைக் கொல்லவல்ல மருந்துக்குச் சிவப்பு நிறம் இடப்படும். 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. பச்சையும் விஷமே; அது பால் அன்று. எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் இந்நான்கு நிறங்களை ஒரு நாழிகையில் கற்றுக்கொள்ளக் கூடும்.

5. வண்டியில் ஏற்றும் முறை

மருந்துக்கென்று மூடியுள்ள தனிப் பெட்டி அல்லது பிளாஸ்டிக் கூடை ஒன்றை ஒதுக்கவேண்டும். அதன் அடியில் நான்கு விரற்கடை மரத்தூள் அல்லது உலர்ந்த மணல் பரப்பி, புட்டிகளை நிமிர்த்தி வைத்து, இடையில் வைக்கோல் அடைக்கவேண்டும். கசிவு நேர்ந்தாலும் மணல் உறிஞ்சிக்கொள்ளும். பெட்டியை வேறெதற்கும் உபயோகிக்கலாகாது.

பெட்டியை வண்டியின் பின்தட்டில் கயிற்றால் கட்டவேண்டும். டிரைவர் அமருமிடத்திலும் பிரயாணிகள் காலடியிலும் வைக்கலாகாது. அரிசி, மாவு, எண்ணெய், தவிடு, புண்ணாக்கு, கோழித் தீவனம் ஆகியவற்றை அதே நடையில் ஏற்றாமலிருப்பதே உத்தமம். விதையும் அவ்வாறே. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வருவதும், குழந்தைகளிடம் கொடுத்தனுப்புவதும் அறவே கூடாதவை.

தானியக் கிடங்குகளில் புகையூட்டும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஈரம் பட்டால் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் கொடிய விஷக் காற்று வெளிப்படும். மூடிய வண்டிக்குள் இக்காற்று பரவினால் உள்ளிருப்பவருக்குப் பிராணாபாயம் நேரும். இதனைக் குடியானவர் தாமே வாங்கி வரவும் உபயோகிக்கவும் முயலலாகாது. பயிற்சியும் அனுமதியும் உள்ள நிபுணர் மூலமே காரியத்தை நடத்திக்கொள்ள வேண்டும்.

6. வழியில் சிந்தினால்

வண்டியை வீடுகளுக்கும் கிணற்றுக்கும் தூரமாக நிறுத்தி, ஆட்களையும் மாடுகளையும் காற்று வரும் திசைக்கு விலக்கவேண்டும். பீடி, நெருப்பு கூடாது. ரப்பர் கையுறை அணிந்து, சிந்திய இடத்தில் உலர்ந்த மண்ணை அல்லது மரத்தூளைக் கொட்டி, உறிஞ்சிய பின் அள்ளிப் பிளாஸ்டிக் பையிற் கட்டவேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவுவதே பலர் செய்யும் பிழை. கழுவிய நீர் வாய்க்காலுக்கும், ஏரிக்கும், திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி போன்ற ஆறுகளுக்கும் சென்று சேரும். விஷம் பட்ட மூட்டையை வெயிலில் உலர்த்தி உபயோகிக்கலாமென்று எண்ணுவதும் தவறு. மூட்டையின் விலை சில ஆயிரம் ரூபாயாயினும் உயிருக்கு ஈடன்று. அதனைத் தனியே ஒதுக்கி, வேளாண்மை அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும்.

7. வேலையாட்களைப் பழக்கும் விதம்

பருவத் தொடக்கத்தில் அரை நாள் ஒதுக்கினால் போதும். அந்நாளுக்குக் கூலி கொடுக்கவேண்டும். இல்லையேல் ஆட்கள் இதனை வேலையாகக் கருதமாட்டார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவரையும், கர்ப்பிணிகளையும், கையில் புண் உள்ளவரையும் இவ்வேலைக்குச் சேர்க்கலாகாது.

வாயினாற் சொல்வதைக் காட்டிலும் கண்ணாற் காட்டுவது பயன்தரும். மருந்து ஒரு போதும் இருந்திராத சுத்தமான பாட்டில் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, துணிக்கு இடும் சொட்டு நீலத்தைக் கலந்து, மூடியைச் சற்றே தளர விடவேண்டும். ஆளிடம் ஒரு வெள்ளைத் துணியைத் தோளில் போடச் செய்து, அப்பாட்டிலைப் பெட்டியில் வைத்தல், தூக்குதல், வாளியில் அளந்து ஊற்றுதல் ஆகியவற்றைச் செய்யச் சொல்லவேண்டும். முடிவில் நீலக்கறை எங்கெங்கே பட்டிருக்கிறதென்று அவரே பார்க்கட்டும். விரலிலும், நெற்றி வியர்வையைத் துடைத்த துணியிலும், வெற்றிலைப் பையிலும் கறையைக் காணும் ஆளுக்கு மேற்கொண்டு உபதேசம் தேவையில்லை. தோலின் வழியாகவும் விஷம் உட்புகுமென்பதை அப்போது கூறினால் மனத்திற் பதியும்.

பின்னர் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்கவேண்டியவை: சிவப்பு நிறத்துக்குப் பொருள் யாது? சிந்தினால் முதலில் கொட்டுவது என்ன? வேலை முடிந்ததும் எதற்கு முன் கை கழுவவேண்டும்? காலிப் புட்டியை என்ன செய்யவேண்டும்? விடை தெரியாதவரை அன்று கடிந்து கொள்ளாமல் மறுபடியும் காட்டவேண்டும்.

கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை, மிதியடி ஆகியவற்றை நிலச் சொந்தக்காரரே வாங்கித் தருவது நியாயம். வேலை உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கலாகாது. துவைக்கும் பெண்மக்களுக்கும் அவ்விஷம் எட்டும்.

8. விஷக் குறிகளும் முதலுதவியும்

பாரத்தியான், மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்துகள் நரம்புகளின் இயக்கத்தைச் சீராக வைக்கும் ஒரு நொதியை வேலை செய்யவொட்டாமல் தடுக்கின்றன. அதனால் தலைவலி, அதிக வியர்வை, வாயில் எச்சில் பெருகுதல், வாந்தி, கண்மணி சிறுத்தல், தசை துடித்தல், மூச்சுத் திணறல் ஆகியவை உண்டாகும். வெயிலால் வந்த மயக்கமென்று நினைத்து நிழலில் படுக்கவைத்துக் காத்திருத்தல் ஆபத்து.

உடனே உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடம்பைக் கழுவவேண்டும். கண்ணிற் பட்டால் சுத்தமான நீரால் கால் மணி நேரம் கழுவவேண்டும். உப்பு நீர், எண்ணெய், சாணிக் கரைசல் முதலியவற்றைப் புகட்டி வாந்தி எடுக்கச் செய்தலாகாது. அது நுரையீரலுக்குட் சென்று உயிரைப் போக்கும். நினைவு தவறியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108 ஆம்புலன்ஸை அழைக்கவேண்டும். மருந்தின் லேபிலையோ புட்டியையோ தவறாமல் உடன் அனுப்பவேண்டும். எந்த விஷமென்று தெரிந்தால்தான் அட்ரோபின் முதலிய மாற்று மருந்தை டாக்டர் தாமதமின்றிக் கொடுக்கக்கூடும்.

9. காலிப் புட்டியும் கிராம உத்தியோகஸ்தர் கடமையும்

காலியான புட்டியை மூன்று முறை அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிடவேண்டும். பின்னர் புட்டியைத் துளைத்தோ உடைத்தோ, குடியிருப்புக்கும் நீர்நிலைக்கும் தூரத்தில் புதைக்கவேண்டும். கழுவினால் சுத்தமாகிவிடுமென்று உப்பும் எண்ணெயும் வைக்கும் வழக்கத்தை அடியோடு ஒழிக்கவேண்டும்.

விஷத்தால் நேர்ந்த விபத்துக்களை அறிவிக்கும்படி உத்தரவிட மாநில அரசுக்கு 1968-ஆம் வருஷச் சட்டம் அதிகாரம் அளிக்கிறது. எவ்வாறாயினும், கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் இத்தகைய விபத்துக்களை மறைக்காமல் வேளாண்மை அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தெரிவிப்பது கடமையாகும். தீவனமும் மருந்தும் ஒன்றாக ஏற்றப்படுவதைக் கண்டால் அங்கேயே தடுத்துச் சொல்வதும் அவர்களால் ஆகக்கூடிய பேருதவி.

வாங்காத விஷத்தைச் சுமக்க வேண்டியதில்லை என்பதையும் நினைவிற் கொள்வது நலம். மரவள்ளியைப் பாழாக்கிய மாவுப்பூச்சிக்கு எதிராக, அதனை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவி 2022-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் விடப்பட்டது. இத்தகைய இயற்கைத் துணைவர்களைக் காப்பாற்றி, பூச்சியின் அளவைப் பார்த்து மட்டும் மருந்து தெளிப்பவருக்குச் செலவும் குறையும், வழி அபாயமும் குறையும்.

சுருங்கக் கூறின்: உணவும் விஷமும் ஒரே வண்டியில் வரலாகாது, விஷம் தன் சொந்தப் புட்டியை விட்டு வேறு புட்டிக்குச் செல்லலாகாது, பழகாத கை அதனைத் தொடலாகாது. இம்மூன்றையும் ஒவ்வொரு பண்ணையிலும் வழக்கமாக்கினால், 1958-ஆம் வருஷத்தில் மாண்டவர்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம் வீணாகாது.