"விட்டுட்டாங்கள்" என்றால் எப்படி விட்டார்கள்?

முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் தவணை முடிந்து, மாங்குளம் பஸ்ஸில் ஒட்டுசுட்டானுக்குத் திரும்பும் பெடியளிடம் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் இரண்டில் ஒன்றாக இருக்கும்: "விட்டுட்டாங்கள்", அல்லது "ஒத்திவைச்சிட்டாங்கள்". இரண்டுமே பாதிப் பதில்தான். பிணையில் வந்தவனையும் விட்டார்கள், வழக்குத் தள்ளுபடியானவனையும் விட்டார்கள். அடுத்த தவணைக்குத் தள்ளுவதும் ஒத்திவைப்பு. ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பெழுதி, அதை ஐந்து வருடத்துக்கு நிறுத்திவைப்பதும் ஒத்திவைப்பு. இந்தச் சொல் மயக்கத்தில் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டவர்கள் வன்னியில் குறைவில்லை.

குற்றச்சாட்டு கைவிடப்படுவது எல்லோருக்கும் விளங்கும். அடிபிடி, ஏச்சுப்பேச்சு போன்ற சின்ன வழக்குகள் மத்தியஸ்த சபையிலோ நீதிமன்றிலோ சமாதானமாகி முடிந்துவிடும். மேல் நீதிமன்றமென்றால், வழக்கை இனி நடத்தப்போவதில்லை என்று சட்டமா அதிபர் சொல்லலாம். 2008, 2009 காலத்தில் 11 இளைஞர்கள் கடத்திக் காணாமலாக்கப்பட்ட வழக்கில், முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவுக்கு எதிரான குற்றச்சாட்டுகளைத் தொடர்வதில்லை என்று 2021 ஒக்டோபரில் அறிவித்தார்கள். அது வழக்கைக் கைவிடும் முடிவு. சாட்சிகளைக் கேட்டு "குற்றவாளி அல்ல" என்று நீதிபதி சொல்லும் தீர்ப்பு வேறு. பிந்தியது வந்தால் அதே குற்றத்துக்காக மீண்டும் கூண்டில் ஏற்ற முடியாது. முந்தியதில் அந்த உறுதி எப்போதும் இருப்பதில்லை.

அதிகம் பேச வேண்டியது ஒத்திவைத்த சிறைத்தண்டனையைப் பற்றி.

"ஒத்துக்கொண்டிட்டு வா தம்பி, இண்டையோட அலுவல் முடிஞ்சிடும்." தகப்பனும் மாமனும் நீதிமன்ற வாசலில் சொல்லிக் கொடுக்கும் யோசனை இது. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் கூலியைத் தின்கிறது; சட்டத்தரணிக்கும் கொடுக்க வேண்டும்; காலபோக விதைப்பு நேரமென்றால் வயலும் காத்திருக்காது. பக்கத்து வீட்டுப் பெடியனும் அப்படித்தான் ஒத்துக்கொண்டு வந்தான் என்பது மேலதிகச் சான்று. குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் கொஞ்சம் தண்டப்பணமும் கிடைக்கின்றன. அன்று மாலையே வீட்டில் சோறு.

ஆனால் அவன் இப்போது தண்டனை பெற்றவன். நிறுத்திவைத்த காலத்துக்குள் சிறைக்குரிய இன்னொரு குற்றத்தில் மாட்டினால், பழைய சிறையும் சேர்ந்து வரும். வெளிநாட்டு விசாவுக்கோ அரச வேலைக்கோ போகும்போது பொலிஸ் அறிக்கையில் அந்தத் தீர்ப்பு எழுந்து நிற்கும். காட்டு மரம் ஏற்றிய வழக்கென்றால் இன்னும் மோசம். வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம் உறுதியானால் வாகனத்தையே பறிமுதல் செய்யலாம். தண்டப்பணம் கட்டினால் போதும் என்று நினைத்து ஒத்துக்கொண்டவன், லீசிங் காசு கட்டி முடியாத உழவு இயந்திரத்தை நீதிமன்ற வளவில் விட்டுவிட்டு நடந்து வர நேரும்.

பெரிய இடத்தில் இதே தண்டனை வலிப்பதில்லை. 2022 ஜூன் மாதம், வணிகர் ஒருவரை அச்சுறுத்திய வழக்கில் அப்போதைய அமைச்சர் பிரசன்ன ரணதுங்கவுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒத்திவைத்த இரண்டு வருடச் சிறையையும் 2 கோடியே 50 இலட்சம் ரூபா தண்டத்தையும் கொழும்பு மேல் நீதிமன்றம் விதித்தது. அதன் பிறகும் அவர் அமைச்சராகவே இருந்தார். அந்தச் செய்தியை வாசித்துவிட்டு "இதிலென்ன கிடக்கு" என்று நினைக்கும் பெடியனுக்கு அமைச்சுப் பதவி இல்லை.

இந்தக் கட்டுரையாளர், ஒத்துக்கொள்ளாமல் வழக்கை எதிர்த்து நிற்பவர்கள் பக்கம் சாய்கிறார், மறைப்பதற்கில்லை. 2024 சிவராத்திரி இரவில், ஒட்டுசுட்டானுக்கு அயலான நெடுங்கேணிப் பக்கம், வெடுக்குநாறிமலை ஆதிசிவன் கோயிலில் 8 பேரைப் பொலிஸார் பிடித்தார்கள். பதினொரு நாள் விளக்கமறியல். மார்ச் 19 அன்று வவுனியா நீதவான் நீதிமன்றம் அவர்களை விடுவித்து வழக்கையும் தள்ளுபடி செய்தது. எல்லா வழக்கும் இப்படி முடியாது என்பதும் உண்மை. சான்று பலமாக இருந்தால் ஒத்துக்கொள்வதே புத்தி என்று நல்ல சட்டத்தரணியும் சொல்லக்கூடும். அப்போதுகூடக் கேட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு: குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு. குற்றவாளியாகத் தீர்க்காமலே எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ நீதவான் விடலாம். கேட்காதவனுக்கு அது தானாகக் கிடைப்பது அபூர்வம்.

ஆகவே குற்றச்சாட்டை வாசிக்கும்போது அவசரப்படாமல், சட்டத்தரணியுடன் பேசத் தவணை கேட்க வேண்டும். காசில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வழக்கு முடிந்ததும் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்து, விடுவிப்பா (வழக்கு கைவிடப்பட்டதா), விடுதலையா ("குற்றவாளி அல்ல" என்ற தீர்ப்பா), ஒத்திவைத்த தண்டனையா என்று அன்றைக்கே வாசித்துப் பார்க்க வேண்டும். பலர் "ஒத்திவைத்த தண்டனை" என்ற சொல்லை முதன்முதலாகக் காண்பது, கடவுச்சீட்டும் கையுமாக ஏஜென்சிக்காரன் முன்னால் இருக்கும்போதுதான்.