பெயர் தெரியாத சதைச்செடியா?

யாரோ கொடுத்த தொட்டியில் தடித்த இலையோடு ஒரு செடி. என்னவென்று தெரியவில்லையா? கையுறை போட்டுக்கொண்டு, அடி இலை ஒன்றின் நுனியைக் கிள்ளுங்கள். வெள்ளைப் பால் வடிந்தால் இலைக்கள்ளி, திருகுகள்ளி போன்ற கள்ளி இனமாக இருக்கலாம். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மஞ்சள் நீர் கசிந்து, உள்ளே வழவழப்பான சோறு இருந்தால் பெரும்பாலும் கற்றாழை. உதிர்ந்த இலையின் விளிம்பில் குட்டிச்செடிகள் முளைக்கின்றனவா? ரணகள்ளியாக இருக்கும். பெயரில்தான் கள்ளி, பால் வராது.

அடுத்து, காய்ந்த அடி இலைகளைப் பிய்த்துவிடுங்கள். அவற்றின் அடியில்தான் மாவுப்பூச்சி ஒளிந்திருக்கும். வெளிச்சம் போதாமல் நெடுநெடுவென வளர்ந்த தண்டைச் சுத்தமான கத்தியால் வெட்டலாம். வெட்டியதும் நட்டுத் தண்ணீர் ஊற்றுவதால்தான் பல செடிகள் அழுகிப்போகின்றன. நிழலில் ஒரு வாரம் போட்டு, வெட்டுவாய் நன்றாகக் காய்ந்தபின், பாதிக்குப் பாதி ஆற்றுமணல் கலந்த மண்ணில் நடுங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். வேர் பிடித்தபின், மண் முழுக்கக் காய்ந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.