ரேடியேட்டர் மூடியும் சட்டமும்

திருவரங்கத்திலிருந்து திருச்சிக்கு வருகையில், காவிரிப் பாலத்தில் நண்பரின் கார் ஆவி கக்கி நின்றது. பட்டறையில் இருமுறை பழுதுபார்த்தும் அதே கசிவு!

மாணவர்களே, நீர் சாதாரண அழுத்தத்தில் 100° செல்சியசில் கொதிக்கும். ரேடியேட்டரின் இறுக்கமான மூடி உள்ளழுத்தத்தை ஏறக்குறைய இருமடங்காக்கும். கொதிநிலையும் சுமார் 120° ஆக உயரும். கசிவு ஏற்பட்டால் அழுத்தம் குறையும். நீர் முன்னதாகவே கொதித்துவிடும். எஞ்சின் சூடாயிருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது; கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

கசிவு மீண்டும் மீண்டும் வந்தால்? கூலி பெற்றுச் செய்யும் பழுதுபார்ப்பும் ஒரு சேவையே. அதில் குறைபாடிருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். திருச்சியிலும் அவ்வாணையம் உண்டு. ஆய்வகக் குறிப்பேடு போல ஒவ்வொரு ரசீதையும் தேதிவாரியாகச் சேர்த்து வைக்க வேண்டும். ஆய்வகத்தைப் போலவே அங்கும் சான்றுதான் பேசும்!