பரிசுக்கு யார் பொறுப்பு?

கல்லூரி மாணவர்கள் நடத்தும் கிவ்அவே தொழிலின் கணக்கு பார்வைக்கு எளிது. ஹெட்போன் விற்கும் கடையோ பை தயாரிக்கும் நிறுவனமோ பரிசுப் பொருளையும் விளம்பரக் கட்டணத்தையும் தரும். மாணவர்கள் இன்ஸ்டாகிராமில் போட்டியை அறிவிப்பார்கள். ஃபாலோ செய்தவர்களில் ஒருவருக்குக் குலுக்கலில் பரிசு விழும். கடைக்கு விளம்பரம், மாணவர்களுக்கு வருமானம். முதல் போடாத தொழில் என்பதால் பத்திரம் எழுதவேண்டும் என்ற நினைப்பே பலருக்கு வருவதில்லை. வந்தாலும் லாபத்தை எப்படிப் பிரிப்பது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கோவையில் பொறியியல் படித்துக்கொண்டே இப்படியொரு தொழிலைத் தொடங்கிய நான்கு நண்பர்கள் கூட்டாண்மைப் பத்திரம் எழுத உட்கார்ந்தபோது உடனிருந்து பார்த்திருக்கிறேன். ஆளுக்கு 25 சதவீதம் என்பது அவர்களது வரைவின் முதல் பக்கத்திலேயே இருந்தது. பரிசைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அறிவித்த பிறகு கடைக்காரர் பொருளைத் தராவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. "ஸ்பான்சர்தானே தரணும்?" என்றார் ஒருவர். "அறிவிச்சது நாமடா. ஜெயிச்சவன் நம்மகிட்டதான் வந்து நிப்பான்" என்றார் இன்னொருவர். அந்த இரண்டாவது பதிலிலிருந்து முழுப் பத்திரத்தையும் திருப்பி எழுதினார்கள். எழுதவேண்டிய முறை அதுதான்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, தொழிலுக்காக ஒரு கூட்டாளி செய்யும் காரியம் நிறுவனத்தையே கட்டுப்படுத்தும். நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. நால்வரில் ஒருவர் உற்சாகத்தில் நள்ளிரவில் "அடுத்த வாரம் லேப்டாப் பரிசு" என்று பதிவிட்டால், தூங்கிக்கொண்டிருந்த மூவரும் அதற்குப் பதில் சொல்லவேண்டி வரும். நிறுவனத்தில் பணம் இல்லையென்றால் சொந்தப் பணத்தில் கை வைக்கவேண்டும்.

ஆகவே நண்பர்கள் இரண்டு விதிகளை எழுதிக்கொண்டார்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பரிசை, இரு கூட்டாளிகள் எழுத்தில் சம்மதிக்காமல் யாரும் அறிவிக்கக் கூடாது. பொருள் கைக்கு வராமல், அல்லது அதன் விலை நிறுவனத்தின் நடப்புக் கணக்கில் சேராமல் போட்டியைத் தொடங்கவே கூடாது. இவற்றில் முதல் விதிக்கு ஓர் எல்லை உண்டு. உள்ளே போட்ட கட்டுப்பாடு, அதை அறியாத வெளியாரைக் கட்டுப்படுத்தாது. விதியை மீறிய கூட்டாளியிடமிருந்து மற்றவர்கள் நஷ்டத்தைக் கேட்கத்தான் உதவும். இரண்டாவது விதியோ நஷ்டம் வரும் வழியையே அடைக்கிறது. இந்தத் தொழிலில் ஒரே ஒரு விதிதான் எழுத முடியும் என்றால், இதையே எழுதச் சொல்வேன்.

பரிசுகளின் மதிப்பு ஏற ஏற, சாதாரணக் கூட்டாண்மையை விட்டு 2008ஆம் ஆண்டுச் சட்டப்படியான எல்எல்பி (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை) அமைப்புக்கு மாறுவது நல்லது. ஆண்டுதோறும் படிவம் 8, படிவம் 11 தாக்கல் செய்யும் வேலை கூடும். ஆனால் நிறுவனத்தின் கடன் பொதுவாகக் கூட்டாளிகளின் சொந்தச் சொத்து வரை வராது.

லாபப் பங்கிலும் சட்டத்தின் இயல்பான நிலை பலருக்குத் தெரிவதில்லை. பத்திரம் எதுவும் சொல்லாவிட்டால் எல்லோருக்கும் சம பங்கு. உழைப்புக்குத் தனி ஊதியம் கிடையாது. வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி ஸ்பான்சர் பிடிப்பவரும் மாதம் ஒரு போஸ்டர் செய்பவரும் சமமாக வாங்கினால் இரண்டாவது செமஸ்டரிலேயே மனக்கசப்பு வந்துவிடும். கோவை நண்பர்கள், ஸ்பான்சரைக் கொண்டுவந்தவருக்கு அந்த ஒப்பந்தக் கட்டணத்தில் ஒரு பகுதி, மிச்சம் எல்லோருக்கும் சமம் என்று வைத்துக்கொண்டார்கள்.

எழுதி வைக்காத யோசனையும் பங்கு கேட்டு வரும். 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஸ்னாப்சாட்டில், மறைந்துபோகும் படம் என்ற எண்ணம் தன்னுடையது என்று அவர்களோடு படித்த ரெஜி பிரவுன் 2013இல் வழக்குப் போட்டார். மறு ஆண்டு சமரசம் ஆயிற்று. அவருக்குக் கொடுத்தது 15.75 கோடி டாலர் என்பது, 2017இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோதுதான் வெளியில் தெரிந்தது. பெயர் வைத்தவர் யார், யோசனை யாருடையது, அதெல்லாம் இனி நிறுவனத்துக்கே சொந்தமா என்பதைப் பத்திரத்தில் ஒரு பத்தியில் சொல்லிவிடலாம்.

கிவ்அவே தொழிலில் சொத்து என்று சொல்லத்தக்கது இன்ஸ்டாகிராம் பக்கம் ஒன்றுதான். அது பெரும்பாலும் ஒருவரின் சொந்த மின்னஞ்சலிலும் செல்பேசி எண்ணிலும் தொடங்கப்பட்டிருக்கும். ஓடிபி யார் கைக்குப் போகிறதோ அவர் கையில்தான் தொழில். எனவே நிறுவனத்தின் பெயரில் மின்னஞ்சல், நிறுவனத்துக்கென்று ஒரு சிம், மீட்புக் குறியீடுகளின் நகல் இரு கூட்டாளிகளிடம் என்று எழுதுங்கள். பக்கமும் ஃபாலோயர்களும் நிறுவனச் சொத்து, பிரிந்து செல்பவருக்கு அதில் உரிமை இல்லை என்பதையும் சேருங்கள்.

வயதை மறக்கக் கூடாது. முதலாண்டு மாணவர்களில் 18 நிரம்பாதவர்கள் இருப்பார்கள். அவர்கள் கூட்டாளி ஆக முடியாது. மற்ற எல்லோரும் சம்மதித்தால் லாபத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வருவதுதான் கவனிக்கவேண்டியது. 18 வயது நிறைந்ததும், அல்லது தாம் அப்படிச் சேர்க்கப்பட்டது பின்னால்தான் தெரிந்தால் அப்போதிருந்து, ஆறு மாதத்துக்குள் கூட்டாளி ஆகிறாரா இல்லையா என்று அவர் பொது அறிவிப்புக் கொடுக்கவேண்டும். கொடுக்காமல் விட்டால் தானாகவே கூட்டாளி ஆகிவிடுவார். சேர்ந்த நாளிலிருந்து ஏற்பட்ட கடன்களும் அவர் தலையில் விழும். பிறந்தநாள் கேக் வெட்டுவதோடு இதையும் ஞாபகம் வைக்கவேண்டும்.

மாணவர் தொழிலுக்கே உரிய இன்னொரு சங்கடம், எல்லோரும் ஒருநாள் படிப்பை முடித்துப் போவது. கேம்பஸில் வேலை கிடைத்து ஒருவர் பெங்களூரு போகிறார். வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுகிறார். விலகியாயிற்று என்று அவர் நினைத்துக்கொள்வார். சட்டத்தின் பார்வையில் பொது அறிவிப்பு வரும்வரை அவரது பொறுப்பு நீடிக்கலாம். பதிவான நிறுவனம் என்றால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் விற்பனையாகும் தாய்மொழி நாளிதழ் ஒன்றிலும் வெளியிடவேண்டும். அந்தச் செலவு யாருடையது, விலகுபவரின் பங்கை எப்படிக் கணக்கிடுவது, நடந்துகொண்டிருக்கும் போட்டி முடியும்வரை அவர் இருக்கவேண்டுமா என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானமாகட்டும். தகராறு வந்தால் யாரிடம் போவது என்பதையும் அங்கேயே எழுதலாம்.

இது வரை நண்பர்களுக்கு இடையிலானது. ஸ்பான்சரோடு செய்யும் ஒப்பந்தம் தனி. பொருளின் பெயர், மாடல், விலை, ஒப்படைக்கும் தேதி, வாரண்டி, கூரியர் செலவு, கடைசி நேரத்தில் பின்வாங்கினால் இழப்பீடு இவ்வளவும் அதில் இருக்கவேண்டும். "நல்ல பரிசாகத் தருவோம்" என்ற வாய்ப்பேச்சை நம்பிப் போஸ்டர் அச்சிடாதீர்கள்.

வரிதான் நிறையப் பேரைத் திணறவைக்கிறது. குலுக்கல் பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீத வருமான வரி பிடிக்கவேண்டும். பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டப்பட்டதை உறுதி செய்த பிறகே கொடுக்கவேண்டும். 60,000 ரூபாய் லேப்டாப் என்றால் வரி 18,000. 'இலவசம்' என்று அறிவித்துவிட்டு, வென்ற மாணவியிடம் 18,000 கேட்டால் அவர் என்ன நினைப்பார்? அதை ஸ்பான்சர் ஏற்கிறாரா, வென்றவர் கட்டவேண்டுமா என்பது ஒப்பந்தத்திலும் போட்டி விதிகளிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

பணம் வாங்கிக் குலுக்குவதை நினைக்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003ஆம் ஆண்டிலிருந்து தடை. கட்டணம், அதிர்ஷ்டம், பரிசு மூன்றும் சேர்ந்தால் லாட்டரி என்ற கேள்வி வந்துவிடும். அனுமதியில்லாத லாட்டரியைக் குலுக்க இடம் வைத்து நடத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆம் பிரிவில் குற்றம். இலவசப் போட்டியென்றாலும் முழு நிம்மதி கிடையாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்பனையை நேராகவோ மறைமுகமாகவோ வளர்க்க நடத்தும் போட்டி, குலுக்கல்களை நேர்மையற்ற வணிக முறைக்குள் கொண்டுவரும் அளவுக்கு விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. முடிவை வெளியிடாமல் மறைப்பதும் அதில் சேரும். விதிமுறைகளை ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுவது அவசியம்.

பெரிய நிறுவனங்களும் இதில் நீதிமன்ற வாசல் ஏறியிருக்கின்றன. 2007இல் கௌன் பனேகா குரோர்பதி நிகழ்ச்சியோடு நடந்த எஸ்எம்எஸ் போட்டியில், ஓர் எஸ்எம்எஸ்ஸுக்கு வாங்கிய 2.40 ரூபாயிலிருந்தே பரிசுப் பணம் எடுக்கப்பட்டது என்று புகார் எழுந்தது. 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஸ்டார் இந்தியாவுக்கும் ஏர்டெல்லுக்கும் ஒரு கோடி ரூபாய் தண்டனை இழப்பீடு விதித்தது. ஆதாரம் போதாது என்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது 2019இல். பரிசுப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கணக்கைக் கையில் வைத்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது போதும்.

எண் அச்சிடுவதில் நேர்ந்த பிழை ஒரு நாட்டையே கலக்கியதும் உண்டு. 1992 மே 25 அன்று பிலிப்பைன்ஸில் பெப்சி தன் மூடிப் போட்டியில் 349 என்ற எண்ணை அறிவித்தது. பத்து லட்சம் பெசோ வரை பரிசு. அந்த எண் சுமார் எட்டு லட்சம் மூடிகளில் அச்சாகியிருந்தது. நிறுவனம் 500 பெசோ தர முன்வந்தது. மக்கள் தெருவில் இறங்கினார்கள், உயிர்களும் போயின. மாணவர் தொழிலுக்கு அந்த அளவு வராது. ஆனாலும் குலுக்கலை யார் நடத்துவது, யார் சாட்சி, திரைப்பதிவு எங்கே இருக்கும், பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்று எழுதியிருக்கவேண்டும். கூட்டாளிகளும் அவர்கள் வீட்டாரும் பங்கேற்கக் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும். இன்ஸ்டாகிராமின் விதிகளும், போட்டிக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று அறிவிக்கச் சொல்கின்றன.

எழுதி முடித்த பத்திரத்தை மேசைக்குள் வைத்துவிடாமல் பதிவுத் துறையில் பதிவு செய்யுங்கள். கூட்டாண்மையைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை என்பது உண்மை. ஆனால் பதிவாகாத நிறுவனம், கட்டணத்தைக் கொடுக்காத ஸ்பான்சர் மீது ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குத் தொடர முடியாது. அதே நிறுவனத்தின் மீது, பரிசு கிடைக்காதவர் வழக்குத் தொடரலாம். முதல் போட்டியை அறிவிப்பதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.