முட்டை ஓடும் பஜ்ஜி எண்ணெயும்

பீர்க்கன்கரணையில் சாயங்காலம் ஜி.எஸ்.டி. சாலையோரம் நடந்தால் இரண்டு கழிவுகளைப் பார்க்கலாம்: பஜ்ஜிக் கடையின் கறுத்த எண்ணெய், பரோட்டாக் கடை வாசலில் குவியும் முட்டை ஓடு. இரண்டையும் சேர்த்து மாணவர்களோடு கல்லூரி ஆய்வகத்தில் பயோடீசல் செய்தேன்.

முட்டை ஓட்டில் 90 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட். 900 டிகிரியில் சுட்டால் கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு. எண்ணெயையும் மெத்தனாலையும் வினைபுரியவைத்து பயோடீசலும் கிளிசரினும் ஆக்கும் எங்கள் திட வினையூக்கி இதுதான். காஸ்டிக் சோடா என்றால் கரைந்துவிடும். அதை நீக்கக் கழுவிக் கழுவியே சோப்புத் தண்ணீர் சேரும். சுண்ணாம்பை வடிகட்டி எடுத்து மறுபடியும் போடலாம்.

சுட்ட தூளைக் காற்றில் விடாதீர்கள். ஓட்டின் உள்சவ்வை உரித்து, கழுவி, காயவைத்து, பொடித்து, 3 மணி நேரம் சுட வேண்டும். ஒரு மழை நாளில் தூளை இரவு முழுக்கத் திறந்து வைத்துவிட்டோம். காலையில் தண்ணீர் தெளித்தால் சீறவில்லை; காற்று ஈரத்திலேயே நீறிப்போயிருந்தது. அதை எண்ணெயிலும் மெத்தனாலிலும் போட்டுக் கலக்கியபோது கிளிசரின் அடியில் இறங்கவே இல்லை. மறுபடி சுட்டபின்தான் வேலை செய்தது.

எண்ணெயைச் சோதியுங்கள். வடிகட்டி, 110 டிகிரியில் குமிழி அடங்கும்வரை காய்ச்சுங்கள். அமில எண் 2-ஐத் தாண்டினால் சுண்ணாம்பு சோப்பாகிப் பிசுபிசுக்கும். அப்போது நல்ல எண்ணெய் கலந்து அமில எண்ணைக் குறையுங்கள்.

அளவு. அரை லிட்டர் எண்ணெய்க்கு 200 மில்லி மெத்தனால், 23 கிராம் தூள். 65 டிகிரிக்குள், குளிர்விப்பான் பொருத்தி, 3 மணி நேரம் விடாமல் கலக்க வேண்டும்.

முடிவைப் பாருங்கள். கிளிசரினைப் பிரித்து, மிஞ்சிய மெத்தனாலை ஆவியாக்கிய பின், 3 மில்லி பயோடீசலை 27 மில்லி மெத்தனாலில் விட்டுக் குலுக்குங்கள். அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் வினை முடியவில்லை. தெளிந்து வந்தாலும் பயோடீசலில் கொஞ்சம் கால்சியம் கரைந்திருக்கும். அதை நீக்கி, ஐஎஸ் 15607 தரச் சோதனை முடிக்காமல் எஞ்சினில் ஊற்றாதீர்கள்.

மெத்தனால் கொடிய விஷம். 2024-இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து அது பறித்த உயிர்களை மறக்க முடியாது. அதனால் பயோடீசலை வீட்டில் செய்யாதீர்கள். உரிமமும் காற்றோட்டமும் உள்ள ஆய்வகம் வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கறுத்த எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். கேனில் சேர்த்து, பயோடீசலுக்காக எண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.