மண்டை: கலமும் தலையும்

நுழையும்முன்

சொற்களின் பொருள் காலந்தோறும் ஒரே நிலையில் நிற்பதில்லை. சில சொற்களின் பொருள் விரிகிறது. சிலவற்றின் பொருள் சுருங்குகிறது. சில சொற்கள் பழம்பொருளை இழந்து புதுப்பொருள் கொள்கின்றன. தலையின் எலும்புக்கூட்டைக் குறிக்கும் 'மண்டை ஓடு' என்னும் சொல்லின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

வேல் துளைத்த மண்டை

அதியமான் நெடுமான் அஞ்சி போரில் வீழ்ந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல், புறநானூற்றில் 235ஆம் பாடலாக இடம்பெற்றுள்ளது. அவன் மார்பில் தைத்த வேல் அங்கேயே நின்றுவிடவில்லை. பாணரின் மண்டையைத் துளைத்து, இரப்போர் கைகளை ஊடுருவி, சுற்றத்தாரின் கண்ணொளியை மழுங்கச் செய்து, புலவர் நாவில் சென்று வீழ்ந்தது என்கிறார் ஔவையார்.

இன்றைய வழக்கை மட்டும் அறிந்தவர், பாணரின் தலையை வேல் துளைத்ததாகவே பொருள் கொள்வர். ஆனால், சங்க இலக்கியத்தில் மண்டை என்பது உணவும் கள்ளும் ஏற்கும் வாயகன்ற கலம். வள்ளலை நாடி வந்த பாணர் கையில் ஏந்தியது அக்கலத்தையே. கொடுப்பவன் மறைந்தபின் அது துளைபட்ட கலமாயிற்று. இனி அதில் ஒன்றும் தங்காது. ஒரு சொல்லின் பொருளைப் பிறழ உணர்ந்தால், இரவலரின் பசியைப் பற்றிய இப்பாடல் வெறும் போர்க்களக் காட்சியாகிவிடும்.

கலம் தலையானது

ஒன்றன் பெயர் அதனோடு ஒப்புமையுடைய மற்றொன்றற்கு ஆகிவருவதை உவமையாகுபெயர் என்பர். உட்குழிந்த கலமும் மூளையைத் தாங்கும் எலும்புக்கூடும் வடிவால் ஒத்தவை. ஆகவே, கலத்தின் பெயர் தலைக்கு ஆகிவந்தது எனக் கொள்ள இடமுண்டு. பிற்காலத்தில் கலம் என்னும் பொருள் வழக்கிறந்தது. தலை என்னும் பொருளே நிலைபெற்றது.

'ஓடு' என்னும் சொல்லும் இத்தகையதே. முட்டை ஓடு, ஆமை ஓடு, கூரை ஓடு, பானை ஓடு, திருவோடு என அது பலவாறு வழங்குகிறது. வன்மையும் வளைவும் இவற்றின் பொதுத்தன்மை. 'மண்டை ஓடு' என்பதை இன்று 'மண்டையினது ஓடு' என விரித்து ஆறாம் வேற்றுமைத்தொகையாகக் கொள்கிறோம்.

பிற மொழிகளில்

'கபாலம்' வடசொல். பொது எழுத்துகளால் அமைந்து தமிழில் வழங்குவதால் இது தற்சமம். வடமொழியில் இச்சொல் மட்கலத்தின் ஓட்டையும், இரவலர் ஏந்தும் கலத்தையும், மண்டையோட்டையும் குறிக்கும். வேள்வியில் புரோடாசம் என்னும் அப்பத்தைச் சுடும் மண் ஓடும் கபாலம் எனப்பட்டது. நான்முகனின் தலையோட்டைப் பலிக்கலமாக ஏந்தியதால் சிவபெருமான் கபாலி எனப்பட்டார். மயிலாப்பூர்க் கோயில் கபாலீச்சரம் எனப் பெயர் பெற்றதும் இதனாலேயே. இத்தொன்மத்தில் தலையோடும் உண்கலமும் ஒன்றாகின்றன.

பிரெஞ்சு மொழியில் தலையைக் குறிக்கும் 'தெத்' என்னும் சொல், மட்கலம், ஓடு ஆகிய பொருள்களையுடைய 'தெஸ்தா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. செருமானிய மொழியில் தலையைக் குறிக்கும் 'கோப்ஃப்', கிண்ணத்தைக் குறிக்கும் 'குப்பா' என்னும் இலத்தீன் சொல்லோடு தொடர்புடையது. தொலைவிலுள்ள மொழிகளைப் பேசும் மக்களும் தலையைக் கலமாகவே கண்டுள்ளனர் என்பதை இச்சொற்கள் காட்டுகின்றன.

தெரிந்து தெளிவோம்

செவியின் சிற்றெலும்புகள் நீங்கலாக, மனித மண்டையோட்டில் 22 எலும்புகள் உள்ளன. அவற்றுள் மூளையைக் காக்கும் கபால எலும்புகள் 8, முகத்தெலும்புகள் 14. பிறந்த குழந்தைக்குக் கபால எலும்புகள் முழுமையாக இணைந்திரா. அவற்றின் இடைவெளியே உச்சிக்குழி.

கற்பவை கற்றபின்

1. 'மண்டை' என்னும் சொல்லுக்குக் கலம், தலை ஆகிய இருபொருளும் விளங்குமாறு தனித்தனித் தொடர்கள் எழுதுக.

2. 'ஓடு' என்னும் பெயர்ச்சொல் இடம்பெறும் தொடர்களை உம் ஊர்ப் பேச்சுவழக்கிலிருந்து திரட்டி வகைப்படுத்துக.

3. பழம்பொருளை இழந்து புதுப்பொருள் பெற்ற சொற்கள் ஐந்தனை அகராதியின் துணையுடன் தொகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.