பழைய பேழையும் புதிய கணிப்பொறியும்

சேர்வராயன் மலையடியிலுள்ள பாப்பிரெட்டிப்பட்டியில் புகைப்பட நிலையம் நடத்தும் அன்பரொருவர், சென்ற விடுமுறையில் நம்மை அழைத்துத் தமது இடர்ப்பாட்டைக் கூறினார். அவர் பல்லாண்டுகளாக எடுத்த திருமணப் படங்களும், பள்ளிக் குழுப் படங்களும், முதியோர் படங்களும் ஒரு சிறு பேழையில் அடங்கியிருந்தன. பல கணிப்பொறிகளுக்குப் பொதுவாக வலையில் இணைந்து நின்று கோப்புகளைக் காக்கும் இத்தகைய பேழையை 'நாஸ்' என்று வழங்குவர். பழைய கணிப்பொறி பழுதுறவே, அவர் புதியதொன்று வாங்கினார். அதுவோ பேழையின் வாயிலிலேயே நின்றுவிட்டது. வழக்கமான பெயரையும் கடவுச்சொல்லையும் எத்துணை முறை இட்டும் நுழைவு மறுக்கப்பட்டது. மறைந்த தம் அன்னையின் படத்தை முப்பதாம் நாளுக்குள் வேண்டி ஒரு குடும்பத்தார் காத்திருந்தனர். அப்படம் வேறெங்கும் இல்லை.

இத்தகைய இடர் இன்று பல அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் நேர்வதாகலின், அதன் காரணங்களை முறையே ஆராய்வாம்.

கணிப்பொறியும் பேழையும் உரையாடுதற்கு 'எஸ்.எம்.பி.' என்னும் பொது மொழி ஒன்றுண்டு. அது 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் தோன்றிப் பின்னர் விண்டோஸின் வழக்காயிற்று. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பார் 1990-களின் தொடக்கத்தில் ஆக்கிய 'சாம்பா' என்னும் இலவச மென்பொருள், விண்டோஸ் அல்லாத பொறிகளுக்கும் அம்மொழியைக் கற்பித்தது. சிறு பேழைகளுள் மிகப் பலவற்றின் உள்ளே இருப்பது சாம்பாவே. இம்மொழிக்கு முதற் பதிப்பு, இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என வளர்ச்சி உண்டு. 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10-இன் பதிப்பு முதலாக, புதிதாக நிறுவப்படும் கணிப்பொறிகளில் முதற் பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை. முதற் பதிப்பை மட்டும் அறிந்த பேழையும், அதனை மறந்த கணிப்பொறியும் எதிர்ப்பட்டால் பேச்சே தொடங்காது.

மொழி ஒன்றாயினும் அடையாளம் காட்டும் முறை ஒன்றாதல் வேண்டும். நம் நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டுக்குள் விரல் பற்றி விலை பேசுவதை நாம் அறிவோம். சூழ நிற்பார்க்கு விலை தெரியாது. விரற்குறி அறிந்த இருவர்க்கே தெரியும். கடவுச்சொல்லும் அவ்வாறே. கணிப்பொறி அதனை வெளிப்பட அனுப்புவதில்லை. பேழை ஓர் எண்ணைக் கொடுக்கும். கணிப்பொறி கடவுச்சொல்லைக் கொண்டு அவ்வெண்ணைக் கணக்கிட்டு விடையை மட்டும் அனுப்பும். பழைய பேழை பழைய கணக்கையும் புதிய கணிப்பொறி புதிய கணக்கையும் கையாளின், கடவுச்சொல் சரியாயிருந்தும் விடை பொருந்தாது. சிலபோது பேழையின் கடிகாரம் பெரிதும் பிந்தியிருத்தலும் இதற்குக் காரணமாகும். புதிய கணக்கில் நேரமும் சேர்ந்திருத்தலே அதற்கு ஏது.

நிற்க. அன்பரின் நிலையத்தில் நாம் செய்த சோதனைகளைக் கூறுவாம். முதலாவதாக, பேழையின் பெயரை விடுத்து, அதன் எண்முகவரியை இரண்டு பின்சாய்வுக் கோடுகளுக்குப் பின் இட்டோம், வழி திறந்திருந்தது. புதிய விண்டோஸில் 'நெட்வொர்க்' பட்டியலிற் பேழை தோன்றாமையால் அது இல்லையென்று கொள்ளலாகாது. இரண்டாவதாக, பேழையின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம், இரண்டாம் பதிப்பு அனுமதிக்கப்பட்டிருந்தது, கடிகாரமும் சரியாயிருந்தது. மூன்றாவதாக, பயனர் பட்டியலை நோக்கினோம். அங்கேதான் உண்மை வெளிப்பட்டது. அன்பர் இத்தனை ஆண்டுகளாக இட்டுவந்த பெயர் அப்பட்டியலில் இல்லவே இல்லை! அறியாத பெயரினர் எவர் வரினும் 'விருந்தினர்' என்று உள்ளே விடும்படி பேழை அமைக்கப்பட்டிருந்தது. பூட்டாத கதவிற்குத் திறவுகோல் வைத்திருந்தவர் போல, அவர் தம் படங்கள் காவலில் உள்ளன என்று நம்பியிருந்தார். 2024-இல் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்போ, அதன் புரோ வகையில், இத்தகைய விருந்தினர் நுழைவை ஏற்பதில்லை. அன்பரின் புதிய பொறியில் இருந்தது அதுவே.

தீர்வு எளிது. பேழையில் ஒரு பயனரை உண்டாக்கி, நீண்ட கடவுச்சொல் அமைத்து, படங்கள் உள்ள கோப்புறைக்கு அவர்க்கு உரிமை தந்தோம். கணிப்பொறி முன்னர் நினைவில் வைத்திருந்த பழைய நுழைவுக் குறிப்பை நீக்கினோம். பின்னர்ப் பேழையின் பெயர், பின்சாய்வுக் கோடு, பயனர் பெயர் என்னும் வரிசையில் இட்டவுடன் கதவு திறந்தது. இங்கு ஒன்று நினைவிற்கொள்க: கணிப்பொறியைத் திறக்க நாம் இடும் 'பின்' எண் அக்கணிப்பொறிக்கே உரியது; பேழை அதனை அறியாது.

விரைந்து முடிக்க விழைவார், விருந்தினர் தடையை நீக்குக, எஸ்.எம்.பி. முதற் பதிப்பை மீட்டும் நிறுவுக என்பர். அதன் விளைவை உலகம் கண்டுள்ளது. 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் பரவத் தொடங்கிய 'வான்னாக்ரை' என்னும் தீநிரல், அம்முதற் பதிப்பின் குறையின் வழியே நுழைந்து, கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பல நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. கேரளத்தில் ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகளும் தப்பவில்லை. அக்குறைக்குரிய திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது என்பது கருதத்தக்கது.

ஆயின் முதற் பதிப்பை மட்டும் அறிந்த பேழையை என் செய்வது? முதலில் அதன் உள்நிரலுக்குப் புதுப்பிப்பு உண்டா என்று காண்க. இல்லையேல் அதன் அமைப்புப் பக்கத்தின் வழியாகவோ எப்.டி.பி. வழியாகவோ கோப்புகளைப் படியெடுக்க. அதுவும் இயலாவிடின், இணையத் தொடர்பை அறுத்த ஒரே கணிப்பொறியில் முதற் பதிப்பைச் சிறிது காலம் நிறுவி, படியெடுத்து முடிந்தவுடன் நீக்கிவிடுக. பேழையின் வட்டைக் கழற்றி விண்டோஸ் கணிப்பொறியில் நேரே செருகுவார் ஒன்றை அறிதல் வேண்டும். பேழை வட்டுகள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் அமைந்தவை; விண்டோஸ் அவற்றைப் படிக்கமாட்டாது, 'பார்மட் செய்யவா?' என்று கேட்கும். அதற்கு இசைதல் ஆண்டுக்கணக்கான சேமிப்பைத் தீயிலிடுதற்கு ஒப்பாம்.

அன்று மாலையே அன்னையின் படம் அச்சாகி, அக்குடும்பத்தாரின் கையிற் சேர்ந்தது. அன்பர் அவ்வாரத்திலேயே படங்கள் அனைத்திற்கும் படியெடுத்து, வேறோர் இடத்தில் வைத்தார். மறுக்கும் கதவை நாம் வெறுக்கின்றோம். அவர்க்கோ, கதவு பூட்டப்படாதிருந்ததை அறிவித்தது அம்மறுப்பே. ஆகலின் மாணவ அன்பர்காள், உங்கள் இல்லத்திலோ அலுவலிலோ இத்தகைய பேழை இருப்பின், அது மறுக்கும் நாள்வரை காத்திராது, இன்றே அதன் பயனர் பட்டியலைத் திறந்து நோக்குவீராக.